குழந்தைகள் குறைந்தும் கூட்டம் ஏன் கூடியது? நடுநிலை வகுப்பில் மக்கள்தொகைப் பாடம்

கேள்வி: இராமநாதபுரம் மாவட்டம் மண்டபம் பக்கம் ஒரு கடலோர ஊரில், ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் 7, 8-ஆம் வகுப்புகளுக்குச் சமூக அறிவியல் எடுக்கிறேன். மக்கள்தொகைப் பாடம் என்றால் பிள்ளைகள் '800 கோடி', 'நாமிருவர் நமக்கிருவர்' என்று ஒப்பிக்கிறார்கள். ஏன் கூடியது என்று கேட்டால், 'நெறையப் புள்ள பெத்துக்கிட்டாங்க டீச்சர்' என்பதோடு நிற்கிறது. போன ஜூலையில் மக்கள்தொகை தினத்துக்குப் பேச்சுப் போட்டி வைத்தோம். பேசியவர்கள் எல்லோருமே 'பெருக்கம் பேராபத்து' என்றே பேசினார்கள். மறுநாள், கூடப்பிறந்தவர்கள் ஐந்து பேர் உள்ள ஒரு மாணவியைக் கேலி செய்திருக்கிறார்கள். அவள் மூன்று நாள் வரவில்லை. அவள் அம்மா வந்து, 'நாங்க பெத்தது தப்புன்னு பாடத்துல சொல்லிக் குடுக்குறீங்களா?' என்று கேட்டார். பதில் சொல்ல முடியவில்லை. இன்னொரு மாணவன், 'கடல்ல மீனு கொறஞ்சது ஆளு கூடுனதாலயா?' என்கிறான். ஐந்து பீரியட்தான் கிடைக்கும். செலவில்லாமல் இதை எப்படி நடத்துவது?

அன்புள்ள ஆசிரியைக்கு,

அந்த அம்மாவுக்கு முதலில் பதில் சொல்லிவிடுவோம். 'இல்லைம்மா, அப்படிச் சொல்லிக் கொடுக்கவில்லை' என்று தைரியமாகச் சொல்லலாம். ஆறுதலுக்காக அல்ல, கணக்கே அப்படித்தான் இருக்கிறது. 1950-களில் இந்தியாவில் ஒரு பெண் தன் வாழ்நாளில் பெற்ற குழந்தைகளின் சராசரி ஏறத்தாழ 6. 2019-21-இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வில் அது 2.0, தமிழ்நாட்டில் 1.8. பிள்ளைப்பேறு இப்படிச் சுருங்கிக்கொண்டே வந்த காலத்தில்தான் நாட்டின் மக்கள்தொகை 1951-இன் 36 கோடியிலிருந்து 2011-இல் 121 கோடிக்கு ஏறியது.

குழந்தைகள் குறைந்தும் கூட்டம் ஏன் கூடியது? ஐந்து பீரியடையும் இந்த ஒரு கேள்வியின் மேல் கட்டுங்கள். பிறந்த பிள்ளைகள் பிழைத்தார்கள், பெரியவர்கள் கூடுதலாக வாழ்ந்தார்கள் என்பதே விடை. 1971-இல் இந்தியாவில் பிறந்த 1,000 குழந்தைகளில் 129 பேர் முதல் பிறந்தநாளைக் காணவில்லை. 2020-இல் அந்த எண் 28, தமிழ்நாட்டில் 13. இறப்பு முதலில் இறங்கியது. பிறப்பு பல பத்தாண்டுகள் பிந்தித்தான் இறங்கியது. இந்த இரண்டுக்கும் நடுவில் இருந்த காலம்தான் 'பெருக்கம்'. இது பிள்ளைகளுக்குப் புரிந்துவிட்டால் வகுப்பில் எந்தக் குடும்பத்தையும் யாரும் சுட்ட முடியாது.

பாடத்தில் எல்லோரும் சறுக்கும் ஒரு இடத்தை இங்கேயே சொல்லிவிடுகிறோம். 'சுதந்திரம் வாங்கியபோது சராசரி ஆயுள் சுமார் 32, இப்போது சுமார் 70' என்று சொன்னால், அந்தக் காலத்தில் எல்லோரும் 32 வயதில் செத்துப்போனார்கள் என்றே பிள்ளைகள் நினைப்பார்கள். உடனே ஒருவன் எழுந்து, 'எங்க பாட்டையாவுக்கு எண்பது வயசு' என்பான். அவன் கேட்பது நியாயம். கரும்பலகையில் ஒரு கற்பனைக் கணக்குப் போடுங்கள்: பத்துப் பேர் பிறக்கிறார்கள், 4 பேர் கைக்குழந்தையாகவே தவறிவிடுகிறார்கள், மீதி 6 பேர் 55 வயது வரை வாழ்கிறார்கள். 6 × 55 = 330; அதைப் பத்தால் வகுத்தால் 33. அந்தப் பத்துப் பேரில் ஒருவர்கூட 33 வயதில் சாகவில்லை. சராசரி ஆயுள் ஏறியதில் பெரும்பங்கு குழந்தைகள் பிழைத்ததால் வந்தது என்பது இந்தக் கணக்கிலேயே தெரிந்துவிடும். 7-ஆம் வகுப்புக்கு இது சரியான அளவு.

முதல் பீரியடுக்குக் கயிறு.

வலைக் கடையில் கிடைக்கும் நைலான் கயிறு 20 மீட்டர் 30 சென்டிமீட்டர் வேண்டும். யார் வீட்டிலிருந்தாவது பழைய துண்டே வந்துவிடும். ஒரு ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர். ஒரு முனை பொது ஆண்டு 1. 20 மீட்டர் 25 சென்டிமீட்டரில் 2025. உலக மக்கள்தொகை ஒவ்வொரு 100 கோடியைத் தொட்ட ஆண்டிலும் ஒரு துணி கிளிப் மாட்டச் சொல்லுங்கள். 100 கோடி 1804-இல். 200 கோடி 1927. 300 கோடி 1960. 400 கோடி 1974. 500 கோடி 1987. 600 கோடி 1999. 700 கோடி 2011. 800 கோடி 2022. முதல் கிளிப் 18 மீட்டர் 4 சென்டிமீட்டரில் வரும். மீதி ஏழும் கடைசி இரண்டேகால் மீட்டருக்குள் நெருக்கியடித்து நிற்கும். பிள்ளைகள் கயிற்றின் ஓரமாக நடந்து போகட்டும். 18 மீட்டர் வெறுங்கயிறு. அதை நடந்து கடக்கும்போது வரும் வியப்பைப் பாடநூல் வரைபடம் தராது. ஆண்டு 1-இல் உலகில் 20 முதல் 30 கோடிப் பேர் இருந்திருக்கலாம் என்பது மதிப்பீடு. அங்கே ஒரு கொட்டாங்கச்சியில் மூன்று புளியங்கொட்டை, 1804-இல் பத்து, 2022-இல் எண்பது என்று வைத்தால் (ஒரு கொட்டைக்கு 10 கோடி) கண்ணுக்கு இன்னும் தெளிவாகும்.

இதில் கெடும் இடங்கள் மூன்று. கயிற்றில் முடிச்சுப் போட்டுக் குறிக்காதீர்கள். ஒவ்வொரு முடிச்சும் சில சென்டிமீட்டரைத் தின்றுவிடும்; 1987, 1999, 2011 இவற்றுக்கு நடுவே இருப்பதே 12 சென்டிமீட்டர்தான். அளக்கும்போது கயிற்றை இறுக்கி இழுக்கவும் கூடாது, நைலான் நீளும். தரையில் கிடத்தி டேப்பை ஒட்டி வைத்து அளங்கள். ஜூலையில் கச்சான் காற்று அடிக்கும்போது மைதானத்தில் செய்தால் கொட்டாங்கச்சி உருண்டோடும், வராண்டாதான் சரி. 20 மீட்டர் வராண்டா இல்லையென்றால் இரண்டு ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் வைத்து 10 மீட்டரில் முடிக்கலாம். அதற்கும் குறைத்தால் கிளிப்புகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிவிடும்.

கிளிப் மாட்டியதும் இடைவெளிகளை எழுதச் சொல்லுங்கள்: 123, 33, 14, 13, 12, 12, 11 ஆண்டுகள். 'போகப் போக வேகம் கூடுது டீச்சர்' என்பார்கள். இங்கேதான் நிற்க வேண்டும். 1960-இல் 300 கோடிப் பேர் இருந்த உலகம் 100 கோடி கூட 14 ஆண்டு எடுத்தது. 2011-இல் 700 கோடிப் பேர் இருந்தும் 11 ஆண்டு தேவைப்பட்டது. முப்பது பேர் வகுப்பில் பத்துப் பேர் சேர்வதும் எழுபது பேர் வகுப்பில் பத்துப் பேர் சேர்வதும் ஒன்றா என்று கேளுங்கள். 300-க்கு 100 என்றால் 33 சதவீதம். 700-க்கு 100 என்றால் 14 சதவீதம். உலக வளர்ச்சி வீதம் 1960-களில் ஆண்டுக்கு 2 சதவீதத்தைத் தாண்டி உச்சம் தொட்டது. இப்போது 1 சதவீதத்துக்கும் கீழே வந்துவிட்டது. அடுத்த கிளிப், 900 கோடி, ஏறத்தாழ 2037-இல் என்பது ஐக்கிய நாடுகள் அவையின் கணிப்பு. அதாவது 15 ஆண்டு. 123-இலிருந்து 11 வரை இறங்கி வந்த இடைவெளி திரும்பவும் அகலத் தொடங்குகிறது. 2080-களின் நடுவில் சுமார் 1,030 கோடியில் உச்சம் தொட்டுப் பிறகு மெல்லக் குறையலாம் என்று 2024-ஆம் ஆண்டுக் கணிப்பு சொல்கிறது. 'மொத்தம்' வேறு, 'வீதம்' வேறு. மொத்தம் ஏறும்போதே வீதம் இறங்க முடியும். இந்த ஒரு விஷயத்துக்கு அரை பீரியட் போனாலும் பரவாயில்லை.

இரண்டாம் பீரியடுக்குப் புளியங்கொட்டை. பாடத்தின் நடுமையம் இதுதான். கடற்கரையில் சிப்பி, சங்கு பொறுக்கி வரச் சொல்லாதீர்கள். இது மன்னார் வளைகுடா தேசியப் பூங்கா இருக்கும் கரை. பவளமும் சில சங்கு வகைகளும் சட்டப்படி பாதுகாக்கப்பட்டவை. புளியங்கொட்டை எந்த வீட்டிலும் இருக்கும்.

வகுப்பை நான்கு குழுவாகப் பிரியுங்கள். குழுவுக்கு 400 கொட்டை, இரண்டு பாத்திரம், ஒரு தாள். முதல் பாத்திரம் 'ஊர்', அதில் 100 கொட்டை. மீதி வெளியே. இரண்டாவது பாத்திரம் எடுத்த கொட்டைகளைப் போட; வெளியே இருப்பவை தீர்ந்தால் அதிலிருந்தே எடுத்துச் சேர்க்கலாம். ஒரு சுற்று என்பது பத்து ஆண்டு. ஒவ்வொரு சுற்றும் தொடங்கும்போது ஊரில் எத்தனை 'பத்து' இருக்கிறது என்று எண்ண வேண்டும். மிச்சம் 5 அல்லது அதற்கு மேல் இருந்தால் இன்னொரு பத்தாகக் கொள்ளலாம், 4-க்குள் என்றால் விட்டுவிடலாம். பிறகு ஒவ்வொரு பத்துக்கும் இத்தனை சேர், இத்தனை எடு என்று நீங்கள் சொல்ல வேண்டும்.

முதல் இரண்டு சுற்று: பத்துக்கு 4 சேர், 4 எடு. 100 அப்படியே நிற்கும். பழைய காலத்து உலகம் பெரும்பாலும் இப்படித்தான் இருந்தது: ஆண்டுக்கு ஆயிரம் பேருக்கு 40 பிறப்பு, கிட்டத்தட்ட அதே அளவு இறப்பு.

அடுத்த நான்கு சுற்று: 4 சேர், 2 எடு. பிறப்பை நாம் தொடவே இல்லை. ஊர் 120, 144, 172, 206 என்று ஏறும். நாற்பது ஆண்டில் இரட்டிப்பு.

அடுத்த இரண்டு: 3 சேர், 1 எடு. 248, 298.

அடுத்த இரண்டு: 2 சேர், 1 எடு. 328, 361.

கடைசிச் சுற்று: 1 சேர், 1 எடு. 361-இல் நின்றுவிடும்.

இப்போது ஒரே ஒரு கேள்வி: 'எந்தச் சுற்றிலாவது பத்துக்கு எத்தனை பிறப்பு என்பது கூடியதா?' தாளைப் பார்ப்பார்கள். 4, 4, 3, 2, 1. கூடவே இல்லை, குறைந்துகொண்டேதான் வந்திருக்கிறது. ஆனால் ஊர் 100-இலிருந்து 361 ஆகிவிட்டது. இதைப் பிள்ளைகளே கண்டுபிடித்துச் சொல்லும் வரை நீங்கள் வாய் திறக்க வேண்டாம். பத்துக்கு 2 பிறப்பு என்ற சுற்றிலும் ஊர் வளர்ந்ததைக் கவனிக்கச் சொல்லுங்கள். 2020-இல் இந்தியாவின் பிறப்பு வீதம் ஆயிரத்துக்கு 19.5, இறப்பு 6. நாம் இப்போது நிற்கும் இடம் அதற்குப் பக்கத்தில்தான். தம்பதிக்கு இரண்டு பிள்ளை என்று ஆன பிறகும் நாடு சில பத்தாண்டுகள் வளரும். முந்தைய தலைமுறையில் பிறந்து பிழைத்தவர்கள் ஏராளம், அவர்கள் இப்போது பிள்ளை பெறும் வயதில் இருக்கிறார்கள். 8-ஆம் வகுப்புக்கு இதைச் சொல்லலாம், 7-க்கு அவசியமில்லை.

குழுக்களின் விடை வேறுபட்டால் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: சேர்த்த பிறகு இருக்கும் கொட்டைகளை வைத்து 'எடு' கணக்கைப் போட்டிருப்பார்கள். இரண்டு கணக்குக்கும் சுற்றின் தொடக்க எண்தான் அடிப்படை. தொடக்க எண், சேர்த்தது, எடுத்தது, இறுதி எண் என்று நான்கு கட்டம் போட்ட தாள் கொடுத்துவிட்டால் இந்தக் குழப்பம் வராது. இன்னொன்று, 'செத்துட்டான்' என்று கத்திக்கொண்டு கொட்டையை எறிவார்கள். கடலுக்குப் போய்த் திரும்பாத அப்பாவின் பிள்ளை அதே வகுப்பில் உட்கார்ந்திருக்கலாம். 'எடுத்து வை' என்ற சொல்லை மட்டும் நீங்கள் பயன்படுத்துங்கள், பிள்ளைகளுக்கும் அதுவே ஒட்டிக்கொள்ளும்.

பத்து நிமிடம் மிச்சமிருந்தால் நான்கு குழுவும் நான்கு ஊர் என்று வைத்து ஒரு சுற்று ஆடுங்கள். ஒரு ஊரிலிருந்து 20 கொட்டை இன்னொன்றுக்குப் போகட்டும். இரண்டு ஊரின் எண்ணும் மாறும், நான்கு ஊரின் கூட்டுத்தொகை மாறாது. உலகத்துக்குப் பிறப்பு, இறப்பு என்ற இரண்டு வாசல்தான். ஒரு ஊருக்கு வருகை, போக்கு என்று இன்னும் இரண்டு வாசல் உண்டு. உங்கள் கரையில் இதற்கு உதாரணம் தேடி அலைய வேண்டியதில்லை. 1964 டிசம்பர் 22 இரவுப் புயலுக்கு முன் தனுஷ்கோடி ரயில் நிலையமும் அஞ்சலகமும் உள்ள ஊர். அடித்த பிறகு வசிக்கத் தகுதியற்றது என்று அறிவிக்கப்பட்டு, பிழைத்தவர்களும் வெளியேறினார்கள். 1983-க்குப் பிறகு இலங்கையிலிருந்து அகதிகளாக வந்தவர்களை மண்டபம் முகாம் ஏற்றுக்கொண்டது. கீழக்கரை, தொண்டிப் பக்கம் வளைகுடா நாடுகளுக்கும் மலேசியா, சிங்கப்பூருக்கும் சபர் (பிழைப்புக்காக வெளிநாட்டுப் பயணம்) போனவர்கள் இல்லாத தெரு அரிது. முகாம் பிள்ளைகள் வகுப்பில் இருந்தால் அவர்களை எழுப்பி நிறுத்தி 'நீங்கள் வந்த கதையைச் சொல்' என்று கேட்க வேண்டாம். தாங்களாகச் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள்.

மூன்றாம் பீரியடுக்கு வரைபடம். இந்தியாவின் கணக்கெடுப்பு எண்கள், கோடியில்:

1901: 23.8
1911: 25.2
1921: 25.1
1931: 27.9
1941: 31.9
1951: 36.1
1961: 43.9
1971: 54.8
1981: 68.3
1991: 84.6
2001: 102.9
2011: 121.1

கிராஃப் தாளில் குறிக்கும்போது 1911-க்கும் 1921-க்கும் நடுவில் ஒரு சின்னச் சரிவு வரும். தப்பாக வைத்துவிட்டோம் என்று பிள்ளைகள் அழிக்கப் பார்ப்பார்கள், விடாதீர்கள். 1918-இல் பரவிய விஷக் காய்ச்சலில் இந்தியாவில் மட்டும் ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அந்தப் பத்தாண்டில் நாட்டின் மக்கள்தொகையே குறைந்தது. கொரோனாவைப் பார்த்த பிள்ளைகளுக்கு இந்தச் சரிவை விளக்கிச் சொல்ல வேண்டியிராது.

1951-க்குப் பிறகு ஒவ்வொரு பத்தாண்டுக்கும் சதவீதம் கணக்கிடட்டும். சுமார் 22, 25, 25, 24, 22, 18 வரும். கோடு மேலே போய்க்கொண்டே இருக்கிறது. சதவீதமோ 1970-களுக்குப் பிறகு இறங்குகிறது. 1991-2001-இல் கூடியவர்களைவிட 2001-2011-இல் கூடியவர்களின் எண்ணிக்கையே ஒரு துளி குறைவு. கயிற்றில் பார்த்ததை நாட்டின் கணக்கிலும் பார்த்துவிட்டார்கள்.

உலக எண்களை வரைபடமாகப் போடச் சொன்னால் ஒரு பிழை தவறாமல் வரும். 1804, 1927, 1960, 1974 என்று ஆண்டுகளை ஒரே இடைவெளியில் அடுக்கிவிடுவார்கள். ஒவ்வொன்றுக்கும் 100 கோடி கூடுவதால் கோடு ஸ்கேல் வைத்துப் போட்டது போல நேராக வந்து நிற்கும். அதை அப்படியே பலகையில் மாட்டி, சரியாகப் போட்ட ஒன்றைப் பக்கத்தில் வைத்து, 'ரெண்டுல எது பொய் சொல்லுது?' என்று கேளுங்கள். செய்தித்தாளிலும் வாட்ஸ்அப்பிலும் வரும் வரைபடங்களைச் சந்தேகத்தோடு பார்க்கும் பழக்கம் அங்கே தொடங்கும்.

மாவட்ட எண்களில் இன்னொரு குழி இருக்கிறது. ஆர்வமுள்ள பிள்ளை பழைய கணக்கெடுப்பைத் தேடினால், 1981-இல் இராமநாதபுரம் மாவட்டத்தில் 30 லட்சத்துக்கு மேல் இருந்தது, பிறகு பாதிக்கும் கீழே போய்விட்டது என்று எடுத்து வரும். யாரும் எங்கும் போகவில்லை. 1985-இல் பழைய மாவட்டம் மூன்றாகப் பிரிந்து சிவகங்கையும் விருதுநகரும் தனியானது. எல்லை மாறினால் எண்ணை ஒப்பிடக் கூடாது. இதற்குப் பதில் 2001-இன் 11,87,604, 2011-இன் 13,53,445 இரண்டையும் கொடுத்துச் சதவீதம் கேளுங்கள். கூடியது 1,65,841, ஏறத்தாழ 14 சதவீதம். 2011-க்குப் பிறகு ஏன் எண் இல்லை என்று கேட்பார்கள். 2021-இல் நடக்க வேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப்போனது. அடுத்ததற்கு 2027 மார்ச் 1 கணக்கு நாளாக அறிவிக்கப்பட்டிருக்கிறது. இடைப்பட்ட ஆண்டுகளுக்கு நாம் சொல்லும் எண்கள் எல்லாம் மதிப்பீடுகள். பிள்ளைகள் அதை 'மதிப்பீடு' என்று குறித்தே எழுதட்டும்.

நான்காம் பீரியடுக்கு ஒரு சிறு விசாரிப்பு. இதில்தான் கவனம் அதிகம் வேண்டும். 'உங்க வீட்டுல எத்தனை பேர்?' என்று வகுப்பில் கை தூக்கச் சொல்வது பலரும் செய்வது. மனம் நோகும் என்பது ஒருபுறம். அது கணக்காகவும் தவறு. மூன்று வீடு என்று வையுங்கள், பிள்ளைகள் 1, 2, 6. வீட்டுக்குச் சராசரி 3. அதையே பிள்ளைகளிடம் கேட்டால் ஒருவர் '1' என்பார், இரண்டு பேர் '2' என்பார்கள், ஆறு பேர் '6' என்பார்கள். கூட்டினால் 41, ஒன்பதால் வகுத்தால் நாலரைக்கு மேல். பெரிய குடும்பம் ஆறு முறை எண்ணப்படுகிறது. பிள்ளையில்லாத வீடு எண்ணப்படுவதே இல்லை. பள்ளியில் கேட்டு ஊரின் சராசரிக் குடும்பத்தைக் கண்டுபிடிக்க முடியாது.

அதனால் விசாரிப்பை முந்தைய தலைமுறைக்குத் தள்ளிவிடுங்கள். ஒவ்வொருவரும் 65 வயது கடந்த ஒருவரிடம் கேட்டு வரட்டும். அப்பத்தா, அம்மாச்சி, பெத்தா யாராகவும் இருக்கலாம், பக்கத்து வீட்டுக்காரராகவும் இருக்கலாம். இரண்டே கேள்வி: 'கூடப்பிறந்தவர்கள் உங்களையும் சேர்த்து எத்தனை பேர்? ஐந்து வயது தாண்டியவர்கள் எத்தனை பேர்?' பெயர் எழுதாமல் சீட்டில் இரண்டு எண் மட்டும் எழுதி, மடித்து டப்பாவில் போட வேண்டும். பெரியவர் சொல்லத் தயங்கினால் வற்புறுத்தக் கூடாது என்று முதலிலேயே சொல்லி அனுப்புங்கள். பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டில் அது ஆறாத புண். சீட்டுகளைக் கூட்டும்போது இறந்த பங்கு உண்மையைவிடக் குறைவாகத்தான் வரும். பதில் சொன்ன ஒவ்வொருவரும் பிழைத்தவர், எல்லோரும் தவறிய குடும்பத்திலிருந்து பதில் வரவே வராது, பிறந்த சில நாளில் போன குழந்தையைப் பலர் கணக்கில் சேர்ப்பதும் இல்லை. அப்படிக் குறைந்து வந்த எண்ணே பிள்ளைகளை யோசிக்க வைக்கப் போதும்.

பிள்ளைகளைப் பிழைக்க வைத்தது எது, பிறப்பு குறைந்தது எதனால் என்ற பேச்சும் இங்கேயே வரும். தடுப்பூசி, பெரியம்மை ஒழிந்தது, குழாய்த் தண்ணீர், பள்ளியிலேயே சாப்பாடு, ஆஸ்பத்திரிப் பிரசவம், பெண்கள் கூடுதலாகப் படித்தது, திருமண வயது தள்ளியது, பெற்ற பிள்ளை பிழைக்கும் என்ற நம்பிக்கை. முடிந்தால் கிராம சுகாதார செவிலியரை அரை மணி நேரம் அழையுங்கள், தடுப்பூசி அட்டையை விரித்துக் காட்டி அவர் பேசினால் நன்றாக இருக்கும். குடும்பக் கட்டுப்பாட்டு முறைகள் பற்றிய விளக்கம் இந்த வகுப்புக்கு வேண்டியதில்லை. விசாரிப்பின்போது 18 வயது ஆகாத அக்காவுக்குக் கல்யாணப் பேச்சு நடப்பதாக ஒரு பிள்ளை சொன்னால், வகுப்பில் அதைத் தொடராமல் தனியாகக் கேட்டு, தலைமை ஆசிரியரிடம் சொல்லி 1098-ஐ அழையுங்கள்.

மதத்தின் பெயரால் ஒரு கேள்வி வரும், வந்தே தீரும். உங்கள் பெஞ்சுகளில் மூன்று மதத்துப் பிள்ளைகளும் ஒட்டி உட்கார்ந்திருப்பார்கள். அந்தக் கேள்வியை அதட்டி அடக்கினால் அது வெளியே போய் வளரும். எண்ணை எடுத்து வையுங்கள். நாடு முழுக்க 1992-93 குடும்பநல ஆய்வில் ஒரு பெண்ணுக்கு முஸ்லிம்களிடையே 4.4, இந்துக்களிடையே 3.3 குழந்தைகள். 2019-21-இல் 2.4, 1.9. இரண்டும் இறங்கியிருக்கின்றன, முந்தையது இன்னும் வேகமாக. இடைவெளி பாதியாகச் சுருங்கிவிட்டது. அதே ஆய்வில் பீகாருக்கு 3.0, தமிழ்நாட்டுக்கு 1.8. எந்த மாநிலத்தில் வாழ்கிறோம், அங்கே பெண்கள் எவ்வளவு படித்திருக்கிறார்கள், பக்கத்தில் ஆஸ்பத்திரி இருக்கிறதா என்பதெல்லாம் பெரிய வேறுபாட்டை உண்டாக்குகின்றன. இவ்வளவு சொன்னால் போதும், விவாதமாக நீட்ட வேண்டாம்.

ஜூலை 11 நிகழ்ச்சிக்குத் தலைப்பை மட்டும் மாற்றிவிடுங்கள். 1987 ஜூலை 11-ஐ உலகம் 500 கோடியைத் தொட்ட நாளாகக் கொண்டதால்தான் அந்தத் தேதி. 'பெருக்கத்தைத் தடுப்போம்' என்று தலைப்புக் கொடுத்தால் பேச்சு அந்தப் பக்கம்தான் போகும். 'எங்கள் தெருவில் அன்றும் இன்றும் பிழைத்த குழந்தைகள்', 'ஒரு ஊருக்கு நான்கு வாசல்', 'எங்கள் வரைபடம் சொல்வது' போன்ற தலைப்புகளில் கயிற்றையும் சீட்டுக் கணக்கையும் பிள்ளைகளே விளக்கட்டும். கேலிக்கு ஆளான மாணவியைத் தனியாக அழைத்துச் சமாதானம் சொல்வதைவிட, கொட்டைச் சுற்றில் அவள் குழுவின் கணக்கை அவளையே பலகையில் எழுத வைப்பது நல்லது, அவளுக்கு விருப்பம் இருந்தால் மட்டும். கேலி செய்தவர்களிடம் பேச வேண்டியதை இந்தப் பாடத்தோடு கலக்காமல் தனியே பேசிவிடுங்கள்.

மீன் பற்றிய கேள்வி ஐந்தாம் பீரியடுக்கு உரியது. அந்த மாணவனின் கேள்வி உண்மையிலேயே நல்ல கேள்வி, ஒரு வரியில் முடித்துவிடாதீர்கள். முதலில் தண்ணீரை வைத்துத் தொடங்கலாம். 2011-இல் இராமநாதபுரம் மாவட்டத்தில் சதுர கிலோமீட்டருக்குச் சுமார் 330 பேர். மாநிலச் சராசரி 555. சென்னையில் 26,000-க்கு மேல். ஆள் நெருக்கம்தான் தட்டுப்பாட்டுக்குக் காரணம் என்றால் உங்கள் ஊரில் தண்ணீர்ப் பஞ்சமே இருக்கக் கூடாது. ஆனால் குடத்தோடு நிற்கிற வரிசையைப் பிள்ளைகள் தினமும் பார்க்கிறார்கள். அப்படியானால் வேறு என்னென்ன? மழை, உவர்ந்த நிலத்தடி நீர், தூர்ந்த கண்மாயும் ஊருணியும், காவிரிக் கூட்டுக் குடிநீர் எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறது என்பது. ஆள் எண்ணிக்கை ஒரு காரணம், அது மட்டுமே காரணம் இல்லை என்று அவர்களே வந்து சேர்வார்கள்.

அங்கிருந்து கடலுக்குப் போங்கள். கரும்பலகையை மூன்று பத்தியாகப் பிரியுங்கள்: 'எத்தனை பேர்', 'எதைக் கொண்டு பிடிக்கிறார்கள்', 'யார் வாங்குகிறார்கள்'. இரண்டாவதில் இன்ஜின் சக்தி, அடிக்கடலை வாரும் இழுவை வலை, சின்னக் கண் வலை, கடல்தாழை (கடற்புல்) படுகை அழிவது. மூன்றாவதில் ஏற்றுமதி இறால். பாக் நீரிணையில் பிடிபடும் இறாலில் பெரும்பங்கைச் சாப்பிடுகிறவர் உங்கள் ஊரில் இல்லை. அவர் நாட்டில் மக்கள்தொகை குறைந்துகொண்டே போகலாம், ஆனாலும் அவர் தட்டுக்காக இங்கே வலை இறங்கும். ஒரு ஊரின் ஆள் எண்ணிக்கையையும் அதன் கடலையும் நேர்க்கோட்டில் முடிச்சுப் போட முடியாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் பாடநூலில் கிடைக்காது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் தடைக்காலம் எதற்கு என்ற கேள்வியும் இங்கே பொருந்தும்.

விசைப்படகில் போகிறவர் பிள்ளையும் நாட்டுப்படகுக்காரர் பிள்ளையும் ஒரே வகுப்பில் இருப்பார்கள். கரையில் இருக்கும் மனத்தாங்கல் உள்ளேயும் வரும். 'யார் தப்பு' என்று வாக்கெடுப்பு நடத்தாதீர்கள். இரு தரப்பும் கலந்த குழுக்களாக உட்கார வைத்து, ஒவ்வொரு குழுவும் மூன்று பத்தியிலும் இரண்டு இரண்டு காரணம் எழுதித் தரச் சொல்லுங்கள். பெயரோ படகு எண்ணோ வரக் கூடாது. எழுதியதில் எதை அளந்து சரிபார்க்க முடியும், எதை முடியாது என்று பக்கத்தில் குறிக்கச் சொன்னால் நாற்பது நிமிடம் சரியாக இருக்கும்.